குப்பம்மா படகின் உள்காயம்

மூன்றாவது நாளும் படகுக்கு அடியில் மணலில் மஞ்சள் மணிகள் கிடந்தன.

ஷாலு குனிந்து ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். கற்கண்டு போலக் கெட்டி. உள்ளே ஊசிமுனை அளவில் குமிழிகள். சந்தேகமே இல்லை, நேற்றுக் காலை அவளே சிரிஞ்சில் நிரப்பிப் படகின் பக்கச் சுவருக்குள் செலுத்திய ரெசின் பசைதான் அது. நேற்று ஓட்டைகளை மரச்சக்கை வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்தச் சக்கைகளில் ஒன்று இப்போது இரண்டடி தள்ளி மணலில் கிடந்தது. யாரும் தொடவில்லை. காவலுக்குப் படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. உள்ளே போனது தானாக எப்படி வெளியே வந்தது?

"இன்னா டாக்டரம்மா, பேஷன்ட்டு மறுபடியும் வாந்தி எடுத்துக்கிச்சா?"

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த இன்னாசி கேட்டான். படகை ஓட்டுகிறவன் அவன்தான். படகு ஒன்பது நாளாகக் கரையில் கிடப்பதால், இப்போது அடுத்தவர் வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறான். ஷாலு சிரிஞ்சும் கையுமாக வந்த அன்றே அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவனும் அவன்தான்.

"எடுத்துக்கிச்சு" என்றாள் ஷாலு. "ஆனா எதுக்கு எடுக்குதுன்னுதான் தெரியல."

படகு குப்பம்மாவுடையது. திருவொற்றியூர்க் கரையில் மீன் ஏலம் விடுகிறவள், ஐம்பது வயது, குரல் மட்டும் எண்ணூர் வரை கேட்கும். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவில், கரை திரும்பும்போது ஓர் அலை படகைத் தூக்கி ஒருமுறை மோதியது. வெளியே பார்த்தால் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

காயம் உள்ளே இருந்தது. ஃபைபர் படகு ஒரே கட்டியாக வார்த்தது அல்ல. கண்ணாடி நூலால் நெய்த துணியை ரெசினில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு ஒட்டி இறுகவிட்டது. பலமெல்லாம் அடுக்குகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதில்தான். அடி பட்டால் துணி கிழிவதற்கு முன்னால் பிடி விட்டுப்போகும், பரோட்டாவைத் தட்டினால் அடுக்கு பிரிகிறதே, அப்படி. பிரிந்த இடைவெளி ஒரு தாள் பருமன்கூட இருக்காது. ஆனால் கடலில் ஒவ்வொரு அலைக்கும் அந்த இடம் வாய் திறந்து மூடும். தையல் விட்ட செருப்பு மாதிரி நடக்க நடக்கப் பிளவு வளரும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஷாலு ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தால் படகின் பக்கவாட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டியிருந்தாள். ஒட்டியிருக்கும் இடம் 'டங்' என்றது. பிரிந்த இடம் 'டொப்' என்றது. 'டொப்' தொடங்கும் எல்லையில் சாக்பீஸால் கோடு இழுத்தாள். இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலத்தில் ஒரு பூசணிக்காய் வடிவம் வந்தது.

வைத்தியமும் அவளுக்குத் தெரியும். காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடம் அதே வேலைதான் பார்த்தாள். பிளவு வரைக்கும் சின்ன ஓட்டைகள் போட வேண்டும். கீழ் ஓட்டை வழியாக நீர்த்த ரெசினைச் செலுத்தினால், அது உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு மேல் ஓட்டையில் எட்டிப் பார்க்கும். அப்போது அடைத்துவிட வேண்டும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி வந்து, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதைத்தான் செய்தாள். பூசணியின் நடுப்பகுதி 'டங்' ஆகிவிட்டது. ஓரம் மட்டும், நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிலும், 'டொப்' என்றே பிடிவாதம் பிடித்தது. அடுக்குகள் மெல்லிசாகச் சேரும் அந்த ஓரம்தான் முக்கியம். பிளவு அங்கிருந்துதான் வளரும்.

தொழிற்சாலையில் காற்றை முதலில் பம்பு வைத்து உறிஞ்சிவிடுவார்கள். இங்கே பம்பும் இல்லை, கரையில் கரண்டும் இல்லை.

அவள் நாணயத்தை எடுத்து ஓரத்தை மறுபடியும் தட்டிப் பார்த்தாள். 'டொப்' சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒரு விரல் வெளியே போயிருந்தது. சக்கையை இறுக்கி அடித்ததில் காயம் ஆறவில்லை, பெரிதாகியிருக்கிறது.

"இன்னாமே, மொகம் தொங்கிக்கினு கீது?" ஏலம் முடித்துக் கூடையோடு வந்தாள் குப்பம்மா. ஓட்டைகளை விரலால் எண்ணினாள். "பதினாலு. இன்னும் நாலு போட்டா இடியாப்பம் புழியலாம்."

"யக்கா, ஒரு விரக்கடை வளந்துகீது."

மறைக்கலாம் என்று ஷாலுவுக்குத் தோன்றவே இல்லை. குப்பம்மா கூடையை இறக்கி வைத்தாள். குரல் தணிந்தது. அவள் குரல் தணிந்தால்தான் பயப்பட வேண்டும் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும்.

"தோ பாரு பொண்ணு. திங்கக்கெழம காலைல குணசேகரன் மெஷின எடுத்துகினு வர்றான். அந்த எடத்த அறுத்துப் போட்டுட்டு புதுசா ஒட்டுவான். இருவது நாளு ஆவும். நாலு குடும்பம் இருவது நாளு அடுத்தவன் வலைய தச்சிகினு இருக்கணும். அறுக்க வாணாம்னு நீதான் சொன்ன. நம்பி வுட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரிக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னாண்ட பேசாத."

"அறுக்க வுட மாட்டேன்கா."

"வாயால சொல்லாத. போட்டு சொல்லட்டும்."

அன்று சனிக்கிழமை. ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் ஒரே ஒரு கலவைக்குத்தான் மிச்சம். ஷாலு டப்பாக்களைத் திறக்கவே இல்லை. மூன்று நாளாகச் செய்துகொண்டே இருந்தோமே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கவில்லை. இன்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்று முடிவு செய்தாள்.

பேட்டரி டிரில்லால் 'டொப்' ஓரத்தில் புதிதாக ஓர் ஓட்டை போட்டாள். பழைய ஓட்டைகளெல்லாம் ரெசின் இறுகி அடைபட்டிருந்தன, இது ஒன்றுதான் வழி. அதில் மருந்துக்கடையில் வாங்கிய சலைன் குழாயைச் செருகி, சுற்றிலும் மெழுகு வைத்து அடைத்தாள். மறுமுனையை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மூழ்க வைத்தாள். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் தேடுவார்களே, அதே யோசனை. படகுக்கு எங்காவது மூச்சு இருந்தால் டம்ளரில் தெரிந்துவிடும்.

மணி ஏழரை. படகின் காயம்பட்ட பக்கம் கடலைப் பார்த்திருந்தது. கடல்மேல் ஏறி வரும் சூரியன் நேராக அதன்மேல் விழுந்தது.

எட்டு மணிக்கு முதல் குமிழி வந்தது.

டம்ளரின் அடியில் குழாய் முனையில் உப்பி, பிரிந்து, மேலே வந்து உடைந்தது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஷாலு மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினாள். வெயில் ஏற ஏறக் குமிழிகள் நெருங்கி வந்தன. இன்னாசி வலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினான்.

"போட்டு சுருட்டு குடிக்குதா இன்னா?"

"மூச்சு வுடுதுண்ணா. உள்ள கீற காத்து வெயில்ல சூடாயி விரியுது. எடம் பத்தாம வெளிய வருது."

"இத்துனூண்டு காத்தா உன் சக்கைய தூக்கி எறிஞ்சுது?"

"இத்துனூண்டுதான். ஆனா இந்த நீலப் பெயின்ட்ட தொட்டுப் பாரு."

இன்னாசி தொட்டு, கையை உதறிக்கொண்டான். "ஸ்ஸ்... தோசக்கல்லு!"

அவள் மணலில் விரலால் கணக்குப் போட்டாள். காலைக் குளிர்ச்சியிலிருந்து இந்தச் சூட்டுக்கு வந்தால், அடைபட்ட காற்று உள்ளங்கை அளவு இடத்தைப் பத்து கிலோ எடையால் தள்ளுவது போலத் தள்ளும். வழி இருந்தால் இறுகாத ரெசினைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மஞ்சள் மணிகள் வந்தது அப்படித்தான். வழியை இறுக்கி அடைத்தால் அடுக்குகளை நெம்பும். காயம் ஒரு விரல் வளர்ந்ததும் அப்படித்தான். மூன்று நாளும் ஏழரை மணிக்கு, வெயில் ஏறத் தொடங்கும் நேரம் பார்த்து ரெசின் ஊற்றியிருக்கிறாள்.

ஏன் அந்த நேரம்? குப்பம்மா சொன்னாள், இவள் கேட்டாள். படகுமேல் கை வைப்பதென்றால் ஏறுபொழுதில்தான் வைக்க வேண்டும், இறங்குபொழுதில் தொட்டால் படகும் இறங்கும் என்பது அந்தக் குப்பத்து வழக்கம். ஷாலுவின் வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் உண்டு, பஞ்சாங்கம் கிடையாது. ஆனால் வேலை கொடுத்தவர் சொல்லும் நேரத்தில் செய்வதில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்திருந்தாள். கெட்டுப்போனது மணலில் மணிமணியாகக் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குக் குமிழிகள் நின்றன. சூரியன் படகைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்க, கடலைப் பார்த்த பக்கம் நிழலுக்குள் போனது. இனி வேறு வேலை இல்லை என்று ஷாலு சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். மூடி வரவில்லை. விரல் நகம் வலிக்க இழுத்தாள். முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகினாள். அசையவில்லை.

"குடு இப்படி" என்று வாங்கிய குப்பம்மா, டப்பாவின் விளிம்பைப் படகின் கட்டையில் இரண்டு தட்டு தட்டினாள். 'புஸ்' என்று சத்தம் போட்டு மூடி கழன்றது. "ரசஞ்சோத்த கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடிக்கினு வந்தா இப்படித்தான் புடிச்சுக்கும். ஆற வுட்டு மூடறது இல்ல? சூட்டோட மூடினா, ஆறும்போது உள்ள இழுத்துக்குது. வூட்ல யாரும் சொல்லித் தரலியா?"

ஷாலு சாப்பாட்டைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள்.

டம்ளரிலிருந்து தண்ணீர் குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் உறிஞ்சவில்லை. ஒரு சாண் உயரம் ஏற்கெனவே ஏறிவிட்டது. அவள் கண்ணெதிரிலேயே இன்னும் ஒரு விரல் ஏறியது. அப்போதுதான் கடல்காற்று முதல் வீச்சாக வந்து படகின் மேல் விழுந்தது. தண்ணீர் குடுகுடுவென்று மேலே போனது.

"ஐயோ, உள்ள பூந்துடும்!" பாய்ந்து போய்க் குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் ஓட்டையைத் தொட இரண்டு அங்குலம்தான் பாக்கி. மணலில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.

"இன்னாடா இது, இதுக்குப் பைத்தியம் புடிச்சுக்கிச்சா?" என்று இன்னாசியைக் கேட்டாள் குப்பம்மா.

"யக்கா, உன் போட்டும் சோத்து டப்பாதான். காலைல மூச்ச வெளிய வுடுது. மத்தியானம் உள்ள இழுக்குது. நான் அது வெளிய வுடற நேரமாப் பாத்து ரெசின ஊத்திகினு இருந்தேன். உள்ள இழுக்கிற நேரத்துல ஊத்தணும். பம்பே வாணாம். போட்டே பம்பு."

"அப்ப இப்பவே ஊத்து."

"இப்ப பாதி ஆறிப்போச்சு. உச்சி சூட்டுலேர்ந்து புடிக்கணும். ஒரு கலவைதான் கீது, தப்பு பண்ண முடியாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஊத்தறேன்."

குப்பம்மாவின் முகம் மாறியது. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. பன்னெண்டுலேர்ந்து ஒன்ற வரிக்கும் எமகண்டம். அதுவும் எறங்குபொழுது. ரெண்டும் சேந்து என் போட்டு மேலயா?"

"யக்கா..."

"கடலுக்குப் போற கட்ட அது. நாலு உசுரு அதுல போவுது. நீ டப்பா கத சொல்லி என்ன எமனாண்ட மாட்டி வுடாத."

"நான் வேணா ஊத்தறேன்" என்றான் இன்னாசி. "நாளைக்குக் காலைல மாதா கோயில் பூசை பாத்துட்டு வந்துடுவேன். நான் வேதக்காரன். எமங்கிட்ட என் அட்ரஸே கெடையாது."

"நீ மூடு."

ஷாலு எழுந்து கையிலிருந்த மணலைத் தட்டினாள். இந்த இடத்தில் விட்டால் திங்கட்கிழமை படகு அறுபடும். "யக்கா, மூணு நாளு நீ சொன்ன நேரத்துலதான் செஞ்சேன். காயம் பெருசாச்சு. நாளைக்கும் ஏழரைக்கு ஊத்தச் சொன்னா நான் ஊத்த மாட்டேன். ஊத்தினா வெடிப்பு இன்னும் ஒரு விரல் போவும், அதுல ஏறிப் போற நாலு உசுருக்கு நான்தான் ஜவாப்பு சொல்லணும். பன்னெண்டு மணின்னா செய்யறேன். இல்லன்னா குணசேகரன் அறுக்கட்டும், நானே வந்து ஓரம் புடிக்கிறேன்."

கரையில் குப்பம்மாவிடம் இப்படிப் பேசியவர்கள் குறைவு. அவள் இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "பன்னெண்டுக்கு ஊத்தறதுக்கு முன்னால வேற இன்னா வேல கீது?"

"ஓட்ட போடணும். குழா மாட்டணும். கருப்புத் தார்ப்பாய் போட்டு நல்லா சூடேத்தணும். ஒம்போது மணிக்கே ஆரம்பிக்கணும்."

"ஒம்போது ஏறுபொழுதுதானே?"

"ஆமா."

"அப்ப ஆரம்பிக்கிறது ஏறுபொழுதுல. ஆரம்பிச்ச வேலைய முடிக்கிறது எப்போன்னு எந்த எமனும் வந்து கேக்க மாட்டான்." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஒம்போதுக்கு நான் கற்பூரம் ஏத்துவேன். அதுக்கு முன்னால ஒரு ஆணியக்கூட தொடாத."

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கற்பூரம் எரிந்தது. அது அணைந்ததும் டிரில் ஓடியது. ஷாலு ஓட்டைகளை 'டொப்' ஓரத்தில் மட்டும் போட்டாள், நேற்றையதையும் சேர்த்துக் கீழே மூன்று, மேலே மூன்று. ஒவ்வொன்றிலும் சலைன் குழாய் செருகி மெழுகு வைத்தாள். மேல் குழாய்களை மட்டும் வளைத்து வாய் மேலே பார்க்கும்படி டேப் ஒட்டி நிறுத்தினாள். பிறகு கருப்புத் தார்ப்பாயைப் போர்த்தினாள். இனி இரண்டரை மணி நேரம் சூரியனின் வேலை.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த இன்னாசி, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐஸ் கம்பெனியிலிருந்து உடைந்த ஐஸ் ஒரு கூடை சுமந்து வந்தான். ரெசின் கலந்ததுமே சூடாகத் தொடங்கும், சூடானால் சீக்கிரம் இறுகும். அதனால் கலக்கும் கிண்ணத்தை ஐஸின் மேல் உட்கார வைக்க வேண்டும். மிச்ச ஐஸ் படகுக்கு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தார்ப்பாயை எடுத்தார்கள். ஷாலு புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

"கலக்கலாம்" என்றாள்.

குப்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றாள். எமகண்டத்தில் அவள் கண்ணால் பார்க்கவில்லை என்றால் அது அவள் கணக்கில் வராது போலிருக்கிறது.

கீழ்க் குழாய் ஒவ்வொன்றிலும் சிரிஞ்சைப் பொருத்தி ஷாலு மெதுவாக அழுத்தினாள். சூடான சுவரைத் தொட்டதும் ரெசின் தண்ணீராக இளகி ஓடியது. மேல் குழாய்களில் ஒவ்வொன்றாகத் தேன் நிறத்தில் எட்டிப் பார்த்தது. இதுவரை செய்தது புதன்கிழமையும் செய்ததுதான். கீழ்க் குழாய்களை மடித்துக் கட்டினாள். மேல் குழாய்களை அடைக்கவில்லை. அவற்றை வாய் வரை ரெசினால் நிரப்பி, பேனாவால் அளவுக் கோடு போட்டாள்.

"அண்ணா, சாக்க போடு."

ஐஸ் தண்ணீரில் நனைத்த கோணிச் சாக்கை, ஓட்டைகளில் ஈரம் படாமல் சுற்றிலும் போர்த்தினான் இன்னாசி. இருவரும் குழாய்களைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நடுக் குழாயில் ரெசின் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

"எறங்குது!" இன்னாசி கத்தினான். "யக்கா, யாரும் அழுத்தல, தானா குடிக்குது, வந்து பாரு!"

"கண்ண அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன். எவ்ளோ எறங்குச்சு?"

"அரை விரல்! ஒரு விரல்!"

"காலி ஆவ வுடக் கூடாது" என்றாள் ஷாலு, சிரிஞ்சால் மேலே ஊற்றிக்கொண்டே. "காலியானா ரெசினுக்குப் பதிலா காத்த குடிச்சுடும். பழைய கததான்."

கடல்காற்று வந்தது. மூன்று குழாய்களும் ஒன்றாக இறங்கின. அவள் ஒன்றை நிரப்பி அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது மறுபடியும் கோட்டுக்குக் கீழே நின்றது. இன்னாசி சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தான். ஐஸ் தீர்ந்ததும், முதுகைக் காட்டி நின்றவள் வேகமாகப் போய் மீன் பெட்டியிலிருந்து ஒரு வாளி ஐஸை அள்ளி வந்து, கண்ணை மூடிக்கொண்டே நீட்டினாள். கிண்ணத்தில் கடைசியாக ஒரு சிரிஞ்சு அளவுதான் இருந்தது. ஒன்றரை மணிக்கு நடுக் குழாய் நின்றது. பிறகு இடது, கடைசியாக வலது. நிரப்பிய அளவுக் கோட்டிலேயே ரெசின் அசையாமல் நின்றது.

"எமகண்டம் முடிஞ்சுது" என்று சொல்லிக் குப்பம்மா திரும்பினாள். மணலைத்தான் முதலில் பார்த்தாள். படகுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

திங்கள் காலை குணசேகரன் எண்ணூரிலிருந்து அறுக்கும் மெஷினோடும் ஜெனரேட்டரோடும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, மூவரும் படகுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஷாலு இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. நாணயத்தை அவனிடம் நீட்டினாள்.

"நீயே தட்டுண்ணா. நான் தட்டினா என் காது எனக்கு சாதகமா கேக்கும்."

குணசேகரன் இருபது வருடமாகப் படகு அறுக்கிறவன். பூசணியின் நடுவில் தட்டினான். 'டங்.' ஓரத்துக்கு வந்தான். 'டங்.' சாக்பீஸ் கோட்டின் மேலேயே சுற்றி வந்தான். டங், டங், டங். கோட்டைத் தாண்டி, ஒரு விரல் வளர்ந்திருந்த இடத்தில் நிறுத்தி, காதைப் படகில் வைத்து மறுபடியும் தட்டினான்.

'டங்.'

"வண்டிய திருப்புடா" என்று ஆட்டோக்காரனிடம் சொன்னான். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டைகளை ஒருமுறை, ஷாலுவை ஒருமுறை பார்த்தான். "எனக்கும் ஊசி போட வரும். பத்து தபா போட்டுப் பாத்து, ஓரம் நிக்காமதான் அறுக்க ஆரம்பிச்சேன். நீ இன்னா பண்ண?"

"காலைல வெயில் ஏறும்போது ஊத்தினா, உள்ள கீற காத்து விரிஞ்சு ரெசின வெளிய தள்ளும். அதனால போட்ட முதல்ல நல்லா சூடாக்கணும். ஆற ஆரம்பிக்கிற நேரத்துல கீழ் ஓட்டையிலேர்ந்து ஊத்தி, மேல் குழாய காலியாவ வுடாம ரொப்பிகினே இருக்கணும். சுருங்குற காத்து ரெசின ஓரம் வரிக்கும் தானா இழுத்துக்கும்."